மழை பெய்தால் ஜன்னலைச் சாத்தாதீர்கள்: வானிலைப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு

நான் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம். மழை எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கடலிலிருந்து மேலே ஒரு அம்புக்குறி, நடுவில் மேகம், மேகத்திலிருந்து கீழே இன்னொரு அம்புக்குறி. பாதிப் பாடத்தில் வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. மொத்த வகுப்பும் அந்தப் பக்கம் திரும்பியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, மழையைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தேன்.

செய்தது தப்பு என்று உறைக்க எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆயிற்று. வேதியியல் எடுப்பவருக்கு ஆய்வகம் வேண்டும், சாமான்கள் வேண்டும். நமக்கு ஆய்வகம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படம் வரைந்துகொண்டிருக்கிறோம்.

இந்தப் பாடத்தை முதல்முறையாக எடுக்கப் போகிறவர்களுக்கு, என் வகுப்பில் பலித்த வரிசையைச் சொல்கிறேன். 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுவது இது. முதலில் பார்க்க வேண்டும், அடுத்து அளக்க வேண்டும், அப்புறம் ஊகிக்க வேண்டும். விளக்கம் கடைசியில்தான். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் வளிமண்டல அடுக்குகளின் பெயர்ப் பட்டியலில் ஆரம்பிக்கும். அதை நாலாவது வாரத்துக்குத் தள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டு

பாடம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே, நாலைந்து பேருக்கு ஒரு நோட்டு என்று கொடுத்துவிடுங்கள். தேதி, காலை வெப்பநிலை, மதிய வெப்பநிலை, எவ்வளவு மேகம், என்ன மேகம், காற்று எங்கிருந்து, மழை எவ்வளவு, படுக்கப் போகும்போது வானம் தெளிவா மூட்டமா. கடைசியில் ஒரு கட்டம், தலைப்பு ‘நாளை’. நாளைக்கு எப்படி இருக்கும் என்று அவர்களே ஒரு வரி எழுத வேண்டும். எதை வைத்து எழுதுவது என்று கேட்பார்கள். ‘தோன்றுவதை எழுது’ என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டத்துக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

வெப்பமானியை எங்கே மாட்டுவது என்பதில்தான் முதல் சண்டை வரும். வரட்டும். ஒரு வெப்பமானியை வெயிலிலும் இன்னொன்றை நிழலிலும் வைத்து, பத்து நிமிடம் கழித்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் பல டிகிரி வித்தியாசம் காட்டும். ‘எது சரி?’ என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். வெயிலில் இருக்கும் வெப்பமானி தன் உடம்பில் விழும் வெயிலையும் சேர்த்துக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது காற்றின் வெப்பநிலை. வானிலை நிலையங்களில் வெள்ளைச் சாயம் பூசிய, பக்கங்களில் சாய்ந்த பலகைகள் வைத்த ஒரு மரக்கூண்டு இருக்கும். கருவியைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அதற்குள் வைப்பார்கள். வெயில் படாது, காற்று மட்டும் நுழைந்து வெளியேறும். அதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். உங்களுக்கு மரக்கூண்டு வேண்டாம், காற்றோட்டமான நிழல் போதும். சுவரோடு ஒட்டி மட்டும் மாட்டாதீர்கள், சுவரின் சூடு ஏறிவிடும்.

மழைமானி செய்ய, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரமும் சரி. தேங்கிய நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் மில்லிமீட்டர் மழை. புனல் வைத்த பாட்டில் என்றால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. புனலின் வாய் 10 சென்டிமீட்டர், பாட்டிலின் அகலம் 5 சென்டிமீட்டர் என்றால், பரப்பு நான்கு மடங்கு. ஆகவே பாட்டிலில் 40 மில்லிமீட்டர் நின்றால் பெய்தது 10 மில்லிமீட்டர்தான். இதை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு குழுக்களிடம் இரண்டு வகைக் கருவியைக் கொடுத்துவிட்டு, அளவு ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்களே மோதிக்கொள்ளட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சரியாக 1 லிட்டர் தண்ணீர் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம். பள்ளிக் கூரையில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று தாங்களாகவே கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

மேக அளவை எட்டில் பங்காக எழுதுவது உலக வழக்கம். துளி மேகம் இல்லையென்றால் 0, முழுக்க மூடியிருந்தால் 8. மேகங்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினால் பாதி வானம் நிரம்புமா, கால் வானமா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். மேகத்தின் பெயர்களுக்குத் தொடக்கத்தில் மூன்று போதும்: நார் நாராக உயரத்தில் தெரிவது கீற்று மேகம், போர்வைபோல் பரந்து கிடப்பது படை மேகம், பஞ்சுப் பொதிபோல் குவிந்திருப்பது திரள் மேகம். இந்தப் பாகுபாட்டை 1802இல் லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் முன்வைத்தவர் லூக் ஹோவர்ட். மருந்து தயாரிப்பது அவருடைய தொழில். மேகம் பார்ப்பது ஆசை. தொழில்முறை விஞ்ஞானி இல்லாதவர் என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காற்றின் திசையில் எல்லோரும் ஒருமுறை சறுக்குவார்கள். வடகாற்று என்றால் வடக்கே போகும் காற்று அல்ல, வடக்கிலிருந்து வரும் காற்று. வாடை, தென்றல் என்று நம் மொழியும் காற்று வரும் திசையை வைத்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறது. அதைச் சொன்னால் மறக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். மேகம் பார்க்கும் சாக்கில் யாரும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் உடனே எல்லோரும் உள்ளே. உள்ளே இருந்தபடி மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணச் சொல்லலாம். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

அவர்கள் மனதில் ஏற்கெனவே இருப்பது

பாடத்தின் முதல் நாள், விளக்கம் ஒன்றும் சொல்லாமல், மூன்று கேள்விகளை மட்டும் துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். மேகம் எதனால் ஆனது? மலை உச்சி சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில்தானே, அங்கே ஏன் குளிர்கிறது? கோடையும் குளிர்காலமும் ஏன் மாறி மாறி வருகின்றன?

பெரும்பாலும் இப்படித்தான் வரும்: மேகம் என்பது நீராவி; மலையில் பனி இருப்பதால் குளிர்கிறது; பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை. மூன்றும் தவறு. ஆனால் சிரித்துவிடாதீர்கள். இவை முட்டாள்தனமான விடைகள் அல்ல, யோசித்து எழுதியவை. தப்பான விடை ஒன்றும் இல்லாத மனதில் சரியான விடை வந்து உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்தால், அதை எழுப்பிவிடாமல் புதியதைத் திணித்து என்ன பயன்? தேர்வில் நம் விடையை எழுதுவார்கள், மறுநாள் பழைய விடைக்கே திரும்பிவிடுவார்கள். தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காற்றுக்கும் எடை உண்டு

இங்கே ஒரு பீரியட் போதும். வகுப்பறையின் நீள அகல உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். 8 மீட்டர், 6 மீட்டர், 3 மீட்டர் என்றால் 144 கன மீட்டர். தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. ஆக இந்த வெறும் அறைக்குள் 170 கிலோவுக்கு மேல் காற்று இருக்கிறது! நம்ப மாட்டார்கள், பெருக்கிப் பார்த்துவிட்டும் நம்ப மாட்டார்கள். நல்லதுதான்.

அடுத்து அழுத்தம். டம்ளர் நிறையத் தண்ணீர், மேலே ஒரு அட்டை, கவிழ்த்தால் கொட்டாது என்ற பழைய வித்தை போதும். 1643இல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லியின் யோசனைப்படி செய்த பாதரசக் குழாயில், அந்த உலோகம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கிப் பிடிப்பது வெளிக்காற்றின் எடைதான் என்றால், மலை மேலே போனால் பாதரசம் இறங்க வேண்டும் அல்லவா? பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் இதைச் சோதிக்க விரும்பினார். 1648இல் அவருடைய அக்காள் கணவர் பெரியே பிரான்சில் புய் தெ தோம் என்ற மலையில் குழாயோடு ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: கிளம்புமுன் இன்னொரு குழாயை அடிவாரத்து மடத்தில் வைத்து, நாள் முழுக்க அதைக் கவனிக்கும்படி ஒரு துறவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அது அசையவே இல்லை. இறங்கியது உயரத்தால்தான், அன்றைய வானிலை மாறியதால் அல்ல என்று சொல்ல அந்தத் துறவி வேண்டியிருந்தார்.

இதையே இன்று மாடிப்படியில் செய்யலாம். காற்றழுத்தம் உணரும் சிப் உள்ள செல்போன் ஒன்று கிடைத்தால், இலவசச் செயலி ஒன்றில் அளவு தெரியும். தாழ்வான இடங்களில் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். மூன்று மாடி ஏறினாலே எண் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். கீழே ஒருவரை இன்னொரு போனோடு நிறுத்த மறக்காதீர்கள், துறவி வேலைக்கு.

பாட்டிலுக்குள் மேகம்

இந்தப் பாடத்திலேயே நிதானமாக நடத்த வேண்டிய இடம் இது. இரண்டு பீரியட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறமில்லாத 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், தீப்பெட்டி, பின்னால் வைக்கக் கறுப்புத் தாள், பக்கவாட்டில் அடிக்க டார்ச். தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்குங்கள். பாட்டிலை இரண்டு கையாலும் பலமாக நசுக்கி, ஐந்து எண்ணி, சட்டென்று விடுங்கள். ஒன்றும் தெரியாது, அல்லது மிக லேசாகத் தெரியும். பிள்ளைகள் ஏமாந்த முகத்தோடு பார்ப்பார்கள். அது வேண்டும்.

இப்போது மூடியைத் திறந்து, ஒரு தீக்குச்சியை நீங்களே பற்றவைத்து அணைத்து, பாட்டிலை லேசாக நசுக்கிப் பிடித்தபடி அதன் வாயைப் புகைக்கு மேல் கொண்டுபோய் விடுங்கள். ஒரு வாய்ப் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடுங்கள். நசுக்குங்கள். விடுங்கள். பாட்டில் வெள்ளையாக மூடிக்கொள்ளும். திரும்ப நசுக்கினால் தெளிந்துவிடும். விட்டால் மறுபடி மேகம்.

வகுப்பு ஆர்ப்பரித்து அடங்கியதும் ஒருவராவது சொல்வார்: ‘சார், அது மேகம் இல்ல, நீங்க விட்ட புகை.’ அருமையான ஆட்சேபம், பாராட்டுங்கள். ‘புகையாக இருந்தால் நசுக்கும்போது எங்கே போகிறது?’ என்று திருப்பிக் கேளுங்கள். மூடிய பாட்டிலில் புகை வந்து வந்து மறைய முடியாது. வந்து மறைவது வேறொன்று. புதிதாகச் செய்பவர்கள் செய்யும் தப்பு இரண்டு: கொதிநீர் ஊற்றுவார்கள், பாட்டிலின் சுவரே வியர்த்து ஒன்றும் தெரியாமல் போகும், புகையை அள்ளி ஊதுவார்கள், அப்புறம் அந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லவே முடியாது.

மேகத்துக்கு வேண்டிய மூன்றும் பாட்டிலில் இருந்தன. நீராவி இருந்தது. விட்டதும் காற்று விரிந்தது, விரிந்ததால் குளிர்ந்தது. ஈரம் ஒட்டிக்கொள்ளத் துகள்கள் இருந்தன. வானத்தில் துகள் வேலையைத் தூசியும் கடல் உப்பும் புகையும் பார்த்துக்கொள்கின்றன. நசுக்கி விடும் கையின் வேலையை யார் செய்கிறார்கள்? இங்கேதான் மாடிப்படி அனுபவம் உதவும். மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, ஆகவே மேலேறும் காற்று தானாகவே விரிகிறது, விரிந்து குளிர்கிறது. மேகம் தோன்றாதவரை கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. மலை உச்சி ஏன் குளிர்கிறது என்ற கேள்விக்கும் பாதி விடை இதுவே. மீதிப் பாதி: காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது நேரடி வெயில் அல்ல, வெயிலால் சூடான தரை. தரையின் பெரும்பரப்பு கீழேதான் கிடக்கிறது. நாம் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும்; சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, ஒரு மலையின் உயரம் எந்த மூலைக்கு?

மறுநாள் டம்ளர். உலோக டம்ளரில் அறைச் சூட்டிலுள்ள தண்ணீர், அதில் ஏதாவது ஒரு சாயம். ஐஸ் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வெப்பமானியோடு கலக்க வேண்டும். டம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் என்ன வெப்பநிலை என்று குறிக்க வேண்டும். வெளியே கோத்த நீர் நிறமில்லாமல் இருக்கும். ‘டம்ளர் ஒழுகுகிறது’ என்ற வாதம் அத்தோடு முடிந்தது. அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அவ்வளவுக்குக் குளிர்ந்தால் இந்தக் காற்றிலுள்ள ஈரம் துளியாகும்.

அப்புறம் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். வெளிக்காற்று 32 டிகிரி, டம்ளர் மங்கியது 24 டிகிரியில் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8. டிகிரிக்கு 125 மீட்டர் என்று பெருக்குங்கள்: 1,000 மீட்டர். பகலில் தரைச் சூட்டால் எழும் திரள் மேகங்களின் அடிப்பகுதி ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கும். (உயரம் ஏறும்போது பனிநிலையும் கிலோமீட்டருக்கு 2 டிகிரி அளவில் இறங்கும், அதனால்தான் 100 என்று வராமல் 125 வருகிறது. பெரிய வகுப்புக்கு மட்டும் சொன்னால் போதும்.) மேலே பார்க்கச் சொல்லுங்கள். திரள் மேகங்கள் மேலே எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும், அடியில் எல்லாமே ஒரே மட்டத்தில் வெட்டிவைத்ததுபோலத் தட்டையாக இருக்கும். ஏன் என்று இப்போது அவர்களே சொல்வார்கள். ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை வைத்து மேகத்தின் உயரத்தைக் கண்டுபிடித்த பிள்ளை, அதை வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்காது.

மேகம் நீராவி அல்ல என்பதை இந்த இடத்தில் முடித்துவிடலாம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலின் மூக்குக்கு அருகில் ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு இடைவெளி இருக்குமே, அதுதான் நீராவி. அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது துளிகள். ‘அப்படியானால் மேகம் ஏன் கீழே விழவில்லை?’ என்று கேள்வி வரும். ஒரு மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர். அது விழத்தான் செய்கிறது, ஆனால் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். லேசாக மேலெழும் காற்றே அதைத் தூக்கிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி அதைவிட 100 மடங்கு அகலம். கன அளவில் எத்தனை மடங்கு? பத்து லட்சம். ஒரு மழைத்துளிக்குப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகம் கண்ட இடத்திலெல்லாம் மழை பெய்யாததன் ரகசியம் இதுதான்.

புறங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி ஊதச் சொல்லுங்கள், குளிரும். ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்துப்போன சூட்டை மேகத்துக்குள் துளியாகும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது, ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல். புயலுக்குத் தீனி இந்த உள்ளுறை வெப்பம்தான்.

காற்றும் பருவங்களும்

இதை வேகமாகக் கடக்கலாம். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம், ஒன்றில் உலர்ந்த மணல், இன்னொன்றில் தண்ணீர், பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் நிழல். மணல் சீக்கிரம் சுட்டு, சீக்கிரம் ஆறும். கடற்கரையில் பகலில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு நகருங்கள்.

பூமி சுழல்வதால் காற்றின் பாதை வளைவதைக் காட்ட, சுழலும் வட்ட அட்டையில் ஒருவர் நேர்கோடு போட முயன்றால் போதும். வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கும்போது சுழலும் திசையை மட்டும் உதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். அவ்வளவு சின்ன இடத்தில் பூமிச் சுழற்சி ஒரு பொருட்டே இல்லை. தொட்டியின் வடிவமும் தண்ணீர் ஊற்றிய விதமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

பருவங்களுக்கு ஒரே ஒரு தகவல் போதும், வகுப்பு கவிழ்ந்துவிடும்: பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், 15 கோடியே 20 லட்சம். ஜனவரியில் ஐரோப்பாவில் பனி, ஆஸ்திரேலியாவில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இது நடக்குமா? அதற்கப்புறம் 23.4 டிகிரிச் சாய்வையும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் பரந்து மங்குவதையும் காட்டுங்கள். முதல் நாள் தாள்களை இப்போது திருப்பிக் கொடுக்கலாம்.

‘நாளை’ கட்டத்தைத் திறக்கும் நாள்

மூன்று நான்கு வாரத்தில் ஊகங்கள் சேர்ந்திருக்கும். எத்தனை பலித்தன என்று எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு போட்டியாளரை உள்ளே விடுங்கள். அவர் பெயர் சோம்பேறி. அவர் வானத்தையே பார்க்க மாட்டார். ‘இன்றைக்குப் போலவே நாளைக்கும்’ என்று தினமும் ஒரே வரியை எழுதுவார். சோம்பேறிக்கு எத்தனை மதிப்பெண் என்று நோட்டிலிருந்தே கணக்கிடலாம். என் வகுப்பில் முதல்முறை பாதிப் பேருக்கு மேல் சோம்பேறியிடம் தோற்றார்கள், நானும்தான். முன்னறிவிப்பு எவ்வளவு பலித்தது என்பது முக்கியமில்லை, சோம்பேறியை எவ்வளவு தூரம் வென்றது என்பதுதான் திறமை. வானிலை ஆய்வாளர்கள் தங்கள் கணிப்பை மதிப்பிடும் வழிகளில் இதுவும் ஒன்று.

கதை சொல்ல ஏற்ற இடமும் இதுதான். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஆறு மணி நேர வானிலையைச் சமன்பாடுகளால் கையால் கணக்கிட்டார். விடை: காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும். உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை. அவர் அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகத்தில் அச்சிட்டார். முறை சரி, தொடக்க அளவுகளில்தான் கோளாறு என்பது பின்னால் தெரிந்தது. 1950இல் எனியாக் கணினியில் அதே வழியை எளிமையாக்கிக் கணக்கிட்டபோது ஓரளவு பலித்தது. 24 மணி நேர முன்னறிவிப்புக்குக் கிட்டத்தட்ட 24 மணி நேரம் பிடித்தது என்பது வேறு விஷயம். 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கணினி காட்டிய வானிலையே வேறாகிவிட்டது. தொலைதூர முன்னறிவிப்பு ஏன் கஷ்டம் என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

‘மழைக்கு 60 சதவீதம் வாய்ப்பு’ என்பதற்கும் அர்த்தம் சொல்லிக்கொடுங்கள். இப்படிச் சொன்ன பத்து நாட்களில் ஆறு நாள் மழை பெய்தால் அது நல்ல முன்னறிவிப்பு. ஒரு நாளை மட்டும் வைத்துச் சரி, தப்பு என்று சொல்ல முடியாது.

காலநிலை: முப்பது பேர், முப்பது வருடம்

காலநிலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது நீண்ட காலத்து நோட்டுகளின் சராசரிதான். உலக வானிலை அமைப்பு இதற்கு 30 வருடக் கணக்கை வைத்திருக்கிறது.

உங்கள் நாட்டு வானிலைத் துறையின் இணையதளத்தில் ஏதாவது ஒரு நிலையத்தின் 30 வருட ஆண்டுச் சராசரி வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வருடம். தன் வருடம் மொத்தச் சராசரியைவிட அதிகமானால் சிவப்புத் தாள் பட்டை, குறைவானால் நீலம். வித்தியாசத்துக்கு ஏற்ற நீளம். வருட வரிசையில் நிற்கவைத்துப் பட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் ஏறியும் இறங்கியும் குதிப்பார்கள். ‘போன வருடத்தைவிட இந்த வருடம் குளிர்ச்சி, அப்படியானால் பூமி சூடாகவில்லையா?’ என்ற கேள்வி வரிசையிலிருந்தே எழும். முதல் பத்துப் பேரும் கடைசிப் பத்துப் பேரும் தங்கள் சராசரியைத் தனித்தனியே போடட்டும். ஒற்றை வருடம் வேறு, போக்கு வேறு என்பது அப்போது புரியும். ஒரு ஊரின் கணக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். உலகம் முழுவதற்கும் எடுத்தால், 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020 பத்தாண்டு சுமார் 1.1 டிகிரி கூடுதல்.

பசுமை இல்ல விளைவுக்கு, இரண்டு பாட்டில், ஒன்றில் கார்பன் டை ஆக்சைடு, மேலே விளக்கு என்று ஒரு சோதனை எங்கும் உலவுகிறது. நான் அதைச் செய்வதை நிறுத்திவிட்டேன். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பாட்டிலுக்குள் அது கலந்து புரளும் விதம் வேறு, அதனாலேயே சூடு கூடித் தெரியலாம். சரியான விடையைத் தப்பான காரணத்தால் காட்டுவது நல்ல பழக்கமல்ல.

அதற்குப் பதில் நோட்டையே புரட்டச் சொல்லுங்கள். இரவு வானம் தெளிவாக இருந்த நாட்களில் மறுநாள் காலை வெப்பநிலை என்ன, மூட்டமாக இருந்த நாட்களில் என்ன? பெரும்பாலும் மூட்டமான இரவுகள் கதகதப்பாக இருந்திருக்கும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களை மேகம் உள்வாங்கி, ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும், கண்ணுக்குத் தெரியாமல், பகலிரவு பாராமல் இதே வேலையைச் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அளவில் இருக்கும். இருப்பதால் சுமார் 15. ஆகவே அந்த விளைவு கெட்டதல்ல, அது கூடிக்கொண்டே போவதுதான் சிக்கல். 1856இல் யூனிஸ் ஃபூட், கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடாவதைக் கண்டார். 1859இல் ஜான் டிண்டல், வாயுக்கள் வெப்பக் கதிர்களை உள்வாங்குவதை அளந்தார். ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958இல் தொடர் அளவீடு தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

‘ஓசோன் ஓட்டை வழியாகச் சூடு வருகிறது’ என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. ஓசோன் ஓட்டைக்குக் காரணமான வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987இலேயே மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது.

சரி, அந்த அடுக்குகள்? இப்போது நடத்தலாம். பூமியை 30 சென்டிமீட்டர் உருண்டையாக நினைத்தால், நம் வானிலை முழுவதும் நடக்கும் அடிவளிமண்டலத்தின் தடிமன் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு தபால் அட்டையின் கனம். புத்தகப் படத்தில் அது விரல்கடை அகலத்துக்கு இருக்கும். இதைச் சொல்லிவிட்டுப் பெயர்களைச் சொன்னால் பெயர்களும் நிற்கும்.

தேர்வு வைக்கும்போது

‘வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாடு யாது?’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். என் கேள்வித்தாளில் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்: ‘ஜன்னல் வழியே பார். உன் நோட்டையும் பார்த்துக்கொள்ளலாம். நாளை மழை வருமா? எத்தனை சதவீதம் வாய்ப்பு? காரணங்களை எழுது.’ மதிப்பெண் காரணங்களுக்கு மட்டும். விடை பலித்ததா என்பதை மறுநாள் காலை எல்லோரும் சேர்ந்து, திறந்த ஜன்னலோரமாக நின்று பார்ப்போம்.